தூக்க மாத்திரை, மயக்க மருந்து, அம்மாவின் ஞாபகம்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. இரண்டு மாதம் கழித்து வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி நல்ல தெளிவோடு இருக்கிறார், வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் இன்னும் அவர் கையில்தான். ஆனால் பல வருடங்களாக ராத்திரி அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் போட்டால்தான் தூக்கம் வருகிறது. டாக்டர்கள் தப்பாக நினைப்பார்கள், அதைச் சொல்லாதே என்கிறார். எங்கள் பெரியப்பா இடுப்பெலும்பு முறிவு ஆபரேஷனுக்கு அப்புறம் நான்கு நாள் இல்லாதவர்களோடெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். வீடு திரும்பிய பிறகும் பழைய கூர்மை வரவில்லை. அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. டெக்ஸ்மெடெட்டோமிடின் என்ற மருந்து மூளையைக் காக்கிறதாம், அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்கிறார் அண்ணன். முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஊசி போட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள் உறவினர்கள். எது சரி? தூக்க மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் தூக்க மாத்திரையை இன்றைக்கே நிறுத்த வேண்டாம். ஆபரேஷனுக்கு முந்தின நாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

அல்பிரசோலம், டயசெபாம், லோராசெபாம், குளோனசெபாம் எல்லாம் பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பம். மூளையின் பரபரப்பை அடக்குகிற 'காபா' என்ற இயற்கை ரசாயனத்தின் வேலையை இவை கூட்டிவிடுகின்றன. தினமும் வருடக்கணக்கில் சாப்பிட்டால் மூளை அந்தத் துணைக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று எடுத்துவிட்டால் அடங்கியிருந்த பரபரப்பெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். தூக்கம் சுத்தமாகப் போய்விடும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். நீங்கள் எதைக் கண்டு பயப்படுகிறீர்களோ அந்த மனக்குழப்பமும் வரலாம். அல்பிரசோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகிற மருந்து என்பதால் நிறுத்தினால் அதன் விளைவும் சீக்கிரமே, கடுமையாகத் தெரியும்.

அதற்காக அப்படியே தொடரட்டும் என்றும் சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்கு இந்தக் குடும்பத்து மருந்துகளைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது, அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியல். காரணம் எளிது. வயதாக ஆக மூளை இவற்றுக்கு அதிகமாக அசைந்துகொடுக்கிறது, உடம்போ இவற்றை மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது. டயசெபாமையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. 80 வயதில் சுமார் 90 மணி நேரம். இன்று போட்ட மாத்திரை நாலு நாள் கழித்தும் உள்ளே பாதி இருக்கிறது.

உங்கள் கையில் இரண்டு மாதம் இருப்பது நல்ல விஷயம். மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். அளவைப் படிப்படியாகக் குறைக்க ஒரு திட்டம் போட்டுக் கொடுப்பார். சிலருக்குச் சில வாரங்கள் போதும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆபரேஷன் நாளுக்குள் முழுவதும் விட முடியவில்லையென்றால் பரவாயில்லை. அதுவரை எந்த அளவுக்குக் குறைத்திருக்கிறாரோ அந்த அளவிலேயே ஆபரேஷன் சமயத்திலும் தொடரச் சொல்வோம். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்திருந்தால் போதும்.

அது தெரிய வேண்டும் என்பதுதான் சிக்கலே. நான் மயக்கவியல் மருத்துவர். ஆபரேஷனுக்கு முன் நோயாளியைப் பார்க்கும்போது 'தூக்கத்துக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் பெரியவர்களில் பலர் 'அதெல்லாம் இல்லை' என்பார்கள். 'ராத்திரி படுக்கப் போகும்போது என்னென்ன மாத்திரை?' என்று கேள்வியை மாற்றினால் பி.பி., கொலஸ்ட்ரால் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, 'ஒரு சின்ன மாத்திரை, பாதிதான்' என்பார்கள். அந்தப் பாதியும் எங்களுக்கு முக்கியம். அதை மறைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் கிடந்தால், மூன்றாம் நாள் வருகிற குழப்பத்துக்கு என்ன காரணம் என்று யாருக்கும் புரியாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவரை எந்த மருத்துவரும் மட்டமாக நினைப்பதில்லை. மது அருந்துகிறவர்களுக்கும் இதே பேச்சுதான் பொருந்தும், அதையும் மறைக்கக் கூடாது.

போகும்போது வெறும் மருந்துச் சீட்டோடு போகாதீர்கள், வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்குகிற மாத்திரைகளில் சில, டைஃபென்ஹைட்ரமின் மாதிரியானவை, வயதானவர்களின் மூளையைக் குழப்புவதில் தூக்க மாத்திரைக்குக் குறைந்தவை இல்லை. சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்சிபியூட்டினின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் இரண்டும் அப்படியே. ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை இவை தடுக்கின்றன.

சரி, பெரியப்பா விஷயத்துக்கு வருவோம். வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிற இரண்டு விஷயங்கள் அதில் இருக்கின்றன. அவருக்கு ஆஸ்பத்திரியில் வந்தது 'டெலிரியம்' என்கிற திடீர் மனக்குழப்பம். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் வரும். ஒரு மணி நேரம் தெளிவு, அடுத்த மணி நேரம் குழப்பம் என்று ஏறி இறங்கும். ராத்திரியில் அதிகமாகும். இரண்டாவது, வீடு திரும்பிய பிறகும் நீடிக்கிற மந்தம். பெயர்கள் நாக்கில் வராது, இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய முடியாது, கணக்கு தடுமாறும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் வயதானவர்களின் அறிவு மங்குவதைப் பற்றி பெட்ஃபோர்ட் என்ற மருத்துவர் 1955லேயே 'லான்செட்' இதழில் எழுதியிருக்கிறார். சரியாக அளந்து பார்த்த பெரிய ஆய்வு 1998ல் வந்தது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,218 பேரை, ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் ஞாபகச் சோதனைகள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேருக்கு மந்தம் தெரிந்தது. மூன்று மாதத்தில் அது 9.9 சதவீதமாக இறங்கியது. ஆபரேஷனே செய்துகொள்ளாத அதே வயதுக்காரர்களில் மூன்று மாதம் கழித்து 2.8 சதவீதம் பேருக்கு அந்த அளவு மந்தம் இருந்தது. அதாவது, முதல் வாரத்தில் மந்தமாகத் தெரிகிற பெரும்பாலோர் மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். அந்த ஆய்வு செய்தவர்கள் ஆக்சிஜன் குறைவும் ரத்த அழுத்தம் இறங்குவதும்தான் காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார்கள். அவர்கள் அளந்ததில் இரண்டுக்கும் இந்த மந்தத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. வயதுதான் முன்னால் நின்றது.

இன்றைக்கு நாங்கள் அதிகம் பேசுவது அழற்சியைப் பற்றி. எலும்பை அறுக்கும்போது உடம்பு முழுவதும் கிளம்பும் அழற்சிப் பொருள்கள் மூளைக்குள்ளும் அதன் எதிரொலியை எழுப்புகின்றன. இளம் மூளை தாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே உள்ளுக்குள் தேய்மானம் தொடங்கிவிட்ட மூளை தடுமாறுகிறது. பெரியப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முன்பே லேசான மறதி இருந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பல குடும்பங்களில் யோசித்துப் பார்த்தால் 'ஆமாம், போன வருஷமே கொஞ்சம் இருந்தது' என்பார்கள். அவருடையது எலும்பு முறிவு வேறு. விழுந்த வலி, காத்திருப்பு, அவசரம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். நாள் பார்த்துத் தயாராகிச் செய்துகொள்கிற மூட்டு மாற்று அதைவிடப் பாதுகாப்பான நிலை. பெரியப்பாவுக்கு நடந்தது அம்மாவுக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி அண்ணன் சொல்கிற மருந்து. டெக்ஸ்மெடெட்டோமிடின் நல்ல மருந்துதான், நானும் பயன்படுத்துகிறேன். மற்ற மயக்க மருந்துகள் மூளையை அமுக்கித் தூங்க வைக்கின்றன. இது மூளைத்தண்டில் விழிப்பைத் தூண்டுகிற ஒரு சின்ன மையத்தை அடக்குவதால் இயற்கைத் தூக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த நிலை வருகிறது. கூப்பிட்டால் கண் திறப்பார்கள், பதில் சொல்வார்கள், திரும்பத் தூங்கிவிடுவார்கள். மூச்சையும் பெரிதாக அடக்காது.

இது மூளையைக் காக்கிறது என்ற பேச்சு பரவியதற்கு முக்கியக் காரணம் 2016ல் சீனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு. ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வுக்கு வந்த 65 வயதும் அதற்கு மேலும் ஆன 700 பேரில் பாதிப் பேருக்கு மிகக் குறைந்த அளவில் ராத்திரி முழுவதும் இந்த மருந்தைச் செலுத்தினார்கள். டெலிரியம் 23 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2017ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆபரேஷன் நடக்கும்போதும் முடிந்து இரண்டு மணி நேரம் வரையிலும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. 2020ல் இதய ஆபரேஷன் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்விலும் டெலிரியம் குறையவில்லை. அண்ணன் படித்தது முதல் ஆய்வாக இருக்கலாம்.

அம்மாவின் நிலைக்கு நெருக்கமான ஆய்வு 2023ல் கொரியாவிலிருந்து வந்தது. முதுகில் ஊசி போட்டுக் காலில் எலும்பு ஆபரேஷன் செய்துகொண்ட, 65ஐத் தாண்டிய, ஓரளவு ஆரோக்கியமான பெரியவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் நேரத்தில் தூங்க வைக்க ஒரு பகுதியினருக்கு புரோபோஃபால், இன்னொரு பகுதியினருக்கு டெக்ஸ்மெடெட்டோமிடின். டெலிரியம் வந்தது முறையே 6.6 சதவீதம், 3.0 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இரண்டு எண்ணுமே சின்னவை என்பதையும் பாருங்கள். இந்த மருந்து இதயத் துடிப்பைக் குறைக்கும், பி.பி.யை இறக்கும். துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவர்களுக்கும் சில பி.பி. மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். அதனால் 'இதைத்தான் போட வேண்டும்' என்று கேட்காதீர்கள். 'ஆபரேஷன் நேரத்தில் தூங்க வைப்பதாக இருந்தால் எதைக் கொடுப்பீர்கள், டெக்ஸ்மெடெட்டோமிடின் அம்மாவுக்குப் பொருந்துமா?' என்று கேளுங்கள். கூடவே 'மிடாசோலம் இல்லாமல் செய்ய முடியுமா?' என்றும் கேளுங்கள். மிடாசோலமும் அல்பிரசோலத்தின் குடும்பம்தான், ஆபரேஷன் அறைக்குள் படபடப்பைக் குறைக்க ஊசியாகப் போடுவோம். பலருக்கு அது இல்லாமலே சமாளித்துவிடலாம். அம்மா தினமும் அல்பிரசோலம் சாப்பிடுகிறவர் என்பதால் முடிவை அங்குள்ள மயக்கவியல் மருத்துவரிடமே விடுங்கள்.

கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்து மூளையைக் காக்கும் என்று ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2017ல் வந்த ஆய்வில் டெலிரியத்தை அது குறைக்கவில்லை, கெட்ட கனவுகளும் மாயத் தோற்றங்களும்தான் கூடின. மூளைக்கு இதுதான் காப்பு என்று ஒரே ஒரு மருந்தை என்னால் காட்ட முடியாது.

உறவினர்கள் சொல்வதும் பாதி சரி. முதுகு ஊசிக்கு நல்ல பக்கம் பல உண்டு, முழங்கால் மாற்றுக்கு நானும் அதைத்தான் முதலில் யோசிப்பேன். ஆனால் மூளையைக் காப்பாற்றுகிறது என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க ஆதாரம் போதாது. இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 1,600 பேரிடம் வட அமெரிக்காவில் நடந்து 2021ல் வெளியான ஆய்வில், முதுகு ஊசி போட்டவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 சதவீதம். மறுவருடம் சீனாவிலிருந்து வந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. முதுகில் ஊசி போட்டுவிட்டு, 'அம்மாவுக்கு எதுவும் தெரியக் கூடாது, நன்றாகத் தூங்க வைத்துவிடுங்கள்' என்று குடும்பத்தார் கேட்பதும் உண்டு. அப்படி ஆழமாகத் தூங்க வைத்தால் மூளையைப் பொறுத்தவரை அது முழு மயக்கத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. அம்மா தைரியசாலி என்றால் விழித்திருந்தே செய்துகொள்ளலாம். ஹெட்ஃபோனில் பிடித்த பாட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவர்கள் நிறையப் பேர். சுத்தியல் சத்தம் காதில் விழாமல் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

முழு மயக்கம்தான் என்று முடிவானால் மூளை அலைகளை அளக்கும் கருவியை நெற்றியில் ஒட்டி, தேவைக்கு மேல் ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். இதன் பலனைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கருவி இருந்தால் வைக்கட்டும், இல்லையென்று ஆஸ்பத்திரியை மாற்ற வேண்டியதில்லை.

மருந்தைவிட உறுதியான ஆதாரம் இருப்பது படுக்கையருகே நடக்கும் சின்ன வேலைகளுக்குத்தான். 1999ல் ஷாரன் இனோய் என்ற மருத்துவர் தன் குழுவோடு அமெரிக்காவில், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரிடம் செய்து பார்த்தார். அது ஆபரேஷன் வார்டு இல்லை, பொது மருத்துவ வார்டு. என்ன செய்தார்கள்? தேதியும் இடமும் அடிக்கடி ஞாபகப்படுத்தினார்கள். எழுப்பி நடக்க வைத்தார்கள். கண்ணாடியும் காது கருவியும் போட்டுவிட்டார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள். ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடாகக் குடிக்க ஏதாவது கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, வார்டில் சத்தத்தைக் குறைத்தார்கள். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாக இறங்கியது. ஆபரேஷன் நோயாளிகளுக்கும் இன்று இதையேதான் பரிந்துரைக்கிறோம். இவற்றில் ஊசி மருந்து ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவை உங்களாலும் அண்ணனாலும் முடிகிறவை.

அதனால் ஆபரேஷன் நாளன்று அம்மாவின் மூக்குக்கண்ணாடி, காது மெஷின் இருந்தால் அது, பல்செட் மூன்றையும் பெயர் எழுதிய ஒரு டப்பாவில் போட்டு உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும் அறைக்கு அவை போய்ச் சேர வேண்டும் என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மங்கலாகத் தெரிகிற கூரை, முகமூடி போட்ட அந்நியர்கள், என்ன கேட்கிறார்கள் என்று காதில் விழாத நிலை... தெளிவாக இருக்கிறவருக்கே அங்கே குழம்பும். முதல் மூன்று ராத்திரி பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவர் அனுமதித்தால் அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நிற்கட்டும். சிறுநீர்க் குழாய் வைத்திருந்தால் எப்போது எடுப்பீர்கள் என்று தினமும் கேளுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அடக்காத வலியும் டெலிரியத்தைக் கொண்டுவரும், அளவுக்கு மீறிய மார்ஃபின் வகை மருந்தும் கொண்டுவரும். காலுக்குப் போகும் நரம்பை மரக்க வைக்கும் ஊசி, நேரம் தவறாமல் பாராசிட்டமால், இவற்றுக்கும் அடங்காததற்கு மட்டும் கொஞ்சம் வலுவான மருந்து என்று போனால் நல்லது. மார்ஃபின் வகையில் பெத்திடின் மட்டும் வேண்டாமே என்று கேட்டுக்கொள்ளலாம், வயதானவர்களைக் குழப்புவதில் அதற்குத் தனிக் கெட்ட பெயர்.

குழப்பம் வந்துவிட்டால் எப்படித் தெரியும்? கத்துவதும் ட்ரிப்ஸைப் பிடுங்குவதும் எல்லோருக்கும் தெரியும். கண்ணில் படாமல் போவது அமைதியான வகை. வாயில் வைத்த சோறு மெல்லாமல் அப்படியே கன்னத்தில் நிற்கும். பேசினால் பார்வை உங்களைத் தாண்டிப் போகும். 'பாவம், அசதி, தூங்கட்டும்' என்று விட்டுவிடுவோம். தினமும் காலையிலும் மாலையிலும் வாரத்தின் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக் கணக்குப் பார்க்கிற உங்கள் அம்மா சனி, வெள்ளி, வியாழன் என்று தடையில்லாமல் போய்விடுவார். வியாழனில் நின்று, 'வெள்ளி' என்று திரும்பி, பிறகு என்ன கேட்டீர்கள் என்பதையே மறந்துவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நோய்த்தொற்று, உப்புக் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், ஆக்சிஜன் குறைவு என்று தேடிச் சரிசெய்யக்கூடிய காரணம் பெரும்பாலும் இருக்கும்.

அந்த நேரத்தில் அம்மாவோடு வாதாடாதீர்கள், கையைக் கட்டிப்போட ஒத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, களைத்துப்போய், 'ஒரு ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுங்களேன்' என்று கேட்கத் தோன்றும். எனக்கு அந்தக் களைப்பு புரிகிறது. ஆனால் அந்த ஊசி குழப்பத்தை இன்னும் நீட்டித்துவிடலாம். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கிற நிலையில் மட்டும்தான் மருந்து, அதுவும் குறைந்த அளவில். இதற்கு ஒரு விதிவிலக்கு, தூக்க மாத்திரையோ மதுவோ திடீரென்று நின்றதால் வந்த குழப்பம். அதற்குப் பென்சோடயசெபைன்தான் சிகிச்சை. அம்மாவின் அல்பிரசோலம் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

'அப்படியானால் ஆபரேஷனே வேண்டாம்' என்று அம்மாவோ நீங்களோ முடிவெடுக்காதீர்கள். வலியால் நடமாட்டம் குறைந்து, தூக்கம் கெட்டு, நாற்காலியிலேயே நாளைக் கழிப்பதும் மூளைக்கு நல்லதில்லை. வலி குறைந்தால் அந்தத் தூக்க மாத்திரையை விடுவதும் சுலபமாகலாம்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு சின்ன ஞாபகச் சோதனை செய்து பதிவு பண்ணிக்கொள்ளக் கேளுங்கள். மூன்று வார்த்தைகளை ஞாபகம் வைக்கச் சொல்வார்கள், ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார்கள், பிறகு அந்த மூன்று வார்த்தைகளைத் திரும்பக் கேட்பார்கள். மூன்று நிமிட வேலை. வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் வங்கிக் கையெழுத்து, சொத்துப் பத்திரம் மாதிரி பெரிய முடிவு எதையும் அவர் தலையில் வைக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் கணக்கு தடுமாறுகிறது, அடுப்பில் வைத்ததை மறக்கிறார் என்று தோன்றினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அந்தப் பழைய பதிவோடு நரம்பியல் மருத்துவரையோ முதியோர் மருத்துவரையோ பாருங்கள். தைராய்டு, பி12, மனச்சோர்வு என்று அவர் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.